பொடித்த மாத்திரையும் ஸஹர் நேரமும்: மருந்து உடலுக்குள் எப்போது, எங்கே இறங்குகிறது?

சென்ற ரமளானின் முதல் வாரம். ஃபஜ்ர் ஜமாஅத்தில் இரண்டாவது ரக்அத். ஸஜ்தாவிலிருந்து எழும்போது முதல் ஸஃப்பில் நின்ற பெரியவர் ஒருவர் அப்படியே பக்கத்தில் இருந்தவர் மீது சாய்ந்தார். ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால், முகமெல்லாம் வேர்த்து, கண் சொருகிக் கிடக்கிறார். இரண்டு இளைஞர்கள் அவரை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் மிகவும் கீழே இறங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், மதியத்திற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய வீட்டம்மாதான் விஷயத்தைச் சொன்னார். "மாத்திரை தொண்டையில இறங்க மாட்டேங்குதுன்னு சொன்னாங்க ஹஜ்ரத். ஸஹர் முடியப் போற நேரம். அதான் கல்லுல பொடிச்சுப் பால்ல கலக்கிக் குடுத்துட்டேன். நீங்கதான் எப்படிப் போட்டாலும் பரவாயில்லைன்னு சொன்னீங்களாமே."

சொன்னேன், உண்மைதான். நோன்புக்கு இரண்டு நாள் முன்பு பெரியவர் என்னிடம் கேட்டபோது, எப்படிச் சாப்பிட்டாலும் மருந்து மருந்துதானே, ஸஹர் முடிவதற்குள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். நான் யோசித்ததெல்லாம் நோன்பு முறியுமா, முறியாதா என்ற மஸ்அலாவை மட்டுமே. டாக்டர் அன்று அந்த மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, "ஹஜ்ரத், இது பொடிக்கிற மாத்திரை இல்லை" என்றார். நிஃபெடிபின் என்ற மருந்து. பெயருக்குப் பின்னால் 'ரிடார்ட்' என்று போட்டிருந்தது. மதரஸாவிலும் பி.ஏ. வகுப்பிலும் வேதியியல் என் பாடமாக இருந்ததில்லை. அதன் பிறகுதான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். என்னிடம் மஸ்அலா கேட்கும் குடும்பங்களுக்கு இது என் மீதுள்ள கடன் என்பதால் எழுதுகிறேன்.

ஒரே மருந்து, இரண்டு வேகம்

எங்கள் பனமரத்துப்பட்டிப் பக்கம் வந்தவர்களுக்கு அரளித் தோட்டங்கள் கண்ணில் படாமல் போகாது. மாலைக்குப் பறிக்கும் பூ. ஆனால் செடி முழுக்க நஞ்சு. ஆடுகூட வாய் வைக்காது என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த நஞ்சு இதயத்தின் துடிப்பைப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு பொருள்தான் டிஜாக்சின். அது வேறொரு செடியிலிருந்து எடுக்கப்படும் இதய மருந்து. மாத்திரையின் அளவு கால் மில்லிகிராம். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்குக் கீழே இருக்கும்போது மருந்து; 2 நானோகிராமைத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்குகிறது. நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு.

எல்லா மருந்துக்கும் இப்படி ஒரு கீழ்க்கோடும் ஒரு மேல்கோடும் உண்டு. கீழ்க்கோட்டுக்கு அடியில் பலன் இல்லை. மேல்கோட்டுக்கு மேலே கேடு. சாதாரண மாத்திரை விழுங்கியதும் கரைந்து, ரத்தத்தில் சட்டென்று ஏறி, பிறகு வடிந்துவிடும். அதனால்தான் ஒரு நாளில் மூன்று வேளை. ஏற்றமும் வடிகாலும் இல்லாமல் இரண்டு கோடுகளுக்கும் நடுவிலேயே மருந்தை நாள் முழுக்க நிறுத்தி வைக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் மெதுவாக மருந்தை விடும் மாத்திரைகள் பிறந்தன. 1952இல் அமெரிக்காவின் ஸ்மித் க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் நிறுவனம் 'ஸ்பான்ஸ்யூல்' என்ற கேப்சூலைக் கொண்டுவந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான சிறு மணிகள்; வெவ்வேறு கனத்தில் பூச்சு. மெல்லிய பூச்சுள்ளவை முதலில் கரையும், தடித்தவை பிறகு. எளிமையான யோசனைதான், ஆனால் மருந்துலகத்தையே மாற்றியது.

இன்று நம் வீடுகளில் அதிகம் இருப்பது வேறொரு வகை. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துத் தூளைச் செல்லுலோஸ் வகைப் பொருள் ஒன்றோடு கலந்து அழுத்தியிருப்பார்கள். வயிற்றில் ஈரம் பட்டதும் அது ஊறிப் பசை போலாகிவிடும். சப்ஜா விதை தண்ணீரில் ஊறும்போது சுற்றிலும் வழவழப்பாக ஒரு படலம் வருமே, கிட்டத்தட்ட அப்படி. அந்தப் பசைக்குள் இருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே வர மணிக்கணக்காகும். 

அதைக் கல்லில் வைத்துப் பொடித்தால் என்ன நடக்கும்? பசை உருவாக வாய்ப்பே இல்லை. பல மணி நேரத்திற்கென்று வைத்த மருந்து முழுவதும் ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கும். மெட்ஃபார்மின் என்றால் பெரும்பாலும் வயிற்றைப் புரட்டுவது, வயிற்றுப்போக்கு என்று போய்விடும். நிஃபெடிபின் என்றால் ரத்த அழுத்தம் சரிந்து, முதல் ஸஃப்பில் நின்றவர் விழுவார். புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் நீண்டநேர மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் மூச்சே நின்றுவிடக்கூடும். வீட்டில் அப்படி ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்கத் தாங்கும் மருந்தெல்லாம் இப்படிச் செய்யப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நிறையப் பேர் போடும் அம்லோடிபின், நிஃபெடிபினுக்குச் சொந்தக்காரன்தான். ஆனால் அதன் இயல்பே உடலில் நீண்ட நேரம் தங்குவது. மாத்திரையில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே "பக்கத்து வீட்டு பாய் பிரஷர் மாத்திரையைப் பொடித்துத்தான் போடுகிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பது உங்களுக்கு ஆதாரமாகாது.

எப்படி அடையாளம் காண்பது? அட்டையின் பின்பக்கத்தில் மருந்தின் பெயருக்கு வால் போல எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர்., எம்.ஆர்., ரிடார்ட் என்று ஏதாவது ஒன்று ஒட்டியிருக்கும். ஒட்டியிருந்தால் பொடிக்காதீர்கள், மெல்லாதீர்கள். நடுவில் கோடு போட்ட சில வகைகளை மட்டும் இரண்டாக உடைக்க அனுமதி உண்டு. அதையும் மருந்துக்கடையில் இருக்கும் பார்மசிஸ்டிடம் கேட்டே செய்ய வேண்டும். விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பல மருந்துகளுக்குத் திரவ வடிவமோ, சாதாரண மாத்திரையோ, வேறு மாற்று மருந்தோ இருக்கிறது.

நம் பகுதியில் சர்க்கரைக்காரர்களிடம் அதிகம் பார்ப்பது க்ளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. அதில் பலவும் இரண்டு நிறத்தில் இரண்டு அடுக்காக இருக்கும். அழகுக்காக அல்ல. ஓர் அடுக்கில் உள்ள க்ளிமெபிரைட் உடனே கரைய வேண்டும். இன்னோர் அடுக்கில் உள்ள மெட்ஃபார்மின் மெதுவாக வர வேண்டும். நோன்பில் கவனிக்க வேண்டியது முதல் அடுக்கைத்தான். மெட்ஃபார்மின் தனியாகப் பெரும்பாலும் சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகாது. க்ளிமெபிரைட் கொண்டுபோகும். ஸஹரில் அதைப் போட்டுவிட்டு 13, 14 மணி நேரம் பட்டினியாக இருந்தால் லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் கை நடுங்கும், வேர்க்கும், மயங்கலாம். அதனால்தான் ஒரு வேளை மாத்திரையைப் பொதுவாக இஃப்தாருக்கு மாற்றுகிறார்கள், தேவைப்பட்டால் அளவையும் குறைக்கிறார்கள். இதை டாக்டர்தான் செய்ய வேண்டும். நானோ, முத்தவல்லியோ, வாட்ஸ்அப் குழுவோ அல்ல.

வயிற்றெரிச்சலுக்குப் போடும் பான்டோப்ரசோல் வேறு ரகம். அந்த மருந்தை வயிற்று அமிலம் அழித்துவிடும். அதனால் அமிலத்தில் கரையாத, குடலுக்குப் போனதும் கரையும் பூச்சைப் பூசியிருக்கிறார்கள். மென்று தின்றால் வீண். பல ஆஸ்பிரின் மாத்திரைகளிலும் இதே பூச்சு இருக்கிறது. அங்கே காரணம் நேர்மாறு, வயிற்றை மருந்திடமிருந்து காப்பது. ஆனால் மாரடைப்பு என்று சந்தேகப்படும் நேரத்தில் ஆஸ்பிரினை மெல்லச் சொல்வார்கள், அப்போது வேகம்தான் வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் வருகிறது. சில நீண்டநேர மாத்திரைகளின் கூடு கரையாமல் அப்படியே மலத்தில் வெளியேறும். "மருந்தே இறங்கவில்லை" என்று பயந்து சிலர் இரண்டாவது மாத்திரை போட்டுவிடுகிறார்கள். உள்ளிருந்த மருந்து லேசர் கொண்டு துளைத்த சிறு ஓட்டை வழியாக ஏற்கெனவே வெளியேறிவிட்டது. வந்தது வெறும் கூடு.

இன்சுலினிலும் இந்த வேகக் கட்டுப்பாடு உண்டு. பால் போலக் கலங்கலாக இருக்கும் என்.பி.எச். இன்சுலின் 1940களில் டென்மார்க்கில் ஹேகடோர்ன் ஆய்வகத்தில் உருவானது. மீனிலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற பொருளோடு சேர்த்து மெதுவாக்கியிருக்கிறார்கள். அந்தக் கலங்கல்தான் மருந்து. அதனால்தான் போடுமுன் குப்பியை உள்ளங்கையில் உருட்டச் சொல்கிறார்கள். கிளார்ஜின் இன்சுலின் குப்பியில் தெளிவாக இருக்கும், அமிலத்தன்மையில் கரைத்து வைத்திருக்கிறார்கள். தோலுக்கடியில் போனதும் அமிலம் நீங்கி நுண்ணிய படிகங்களாக உறைந்து, ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதை வேறு இன்சுலினோடு ஒரே ஊசியில் கலந்தால் இந்த ஏற்பாடு கெட்டுவிடும்.

எந்த வாசல் வழியாக?

இதுவரை சொன்னது நேரத்தைப் பற்றி. மருந்து போய்ச் சேரும் இடம் இன்னொரு பாதி. ஆலிம்களுக்கும் மருத்துவர்களுக்கும் இங்கேதான் பேச்சுவார்த்தை தேவைப்படுகிறது. ஏனென்றால் எதன் வழியாக, எங்கே போய்ச் சேர்ந்தால் நோன்பு முறியும் என்று ஃபிக்ஹ் நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கின்றன.

ஆஸ்துமா இன்ஹேலரைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரையாகப் போட்டால் 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்தத்திற்கு 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராமில் நாற்பதில் ஒரு பங்கு! நேராக நுரையீரலுக்கே போவதால் இவ்வளவு குறைவு போதும். படபடப்பும் கை நடுக்கமும் குறையும். "இன்ஹேலர் பழக்கமாகிவிடும், மாத்திரையே மேல்" என்று நம் வீடுகளில் சொல்வது தலைகீழான பேச்சு. ஆனால் அழுத்தும் மருந்து முழுவதும் நுரையீரலுக்குப் போவதில்லை. பெரும்பகுதி தொண்டையில் படிந்து வயிற்றுக்குள் போகிறது. ஸ்பேசர் என்ற குழலை மாட்டினால் இது வெகுவாகக் குறையும்.

நோன்பு முறியுமா? 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் 10வது அமர்வு இந்தத் தலைப்பை விரிவாக எடுத்தது. தோல் வழியாக உறிஞ்சப்படும் களிம்பு, மருந்து ஒட்டுகள், ஊட்டச்சத்து அல்லாத ஊசிகள் ஆகியவை நோன்பை முறிக்காது என்றது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் தொண்டைக்குப் போவதை விழுங்காமல் தவிர்த்தால் முறிக்காது என்றது. இன்ஹேலரை மட்டும் மேலதிக ஆய்வுக்கென்று தள்ளி வைத்தது. அதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. ஷேக் இப்னு பாஸ், ஷேக் இப்னு உஸைமீன் போன்றோர் முறியாது என்றார்கள். நம் நாட்டு ஹனஃபி ஃபத்வா மையங்கள் பெரும்பாலும் முறியும் என்கின்றன. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையிலும், மருந்து கலந்த எச்சில் உள்ளே போனால் முறியும் என்பதே அவர்களுடைய நிலை. நீங்கள் பின்பற்றும் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கருத்து வேறுபாட்டைக் காட்டி யாரும் மூச்சுத் திணறலைச் சகித்துக்கொண்டு உட்கார வேண்டாம். இழுப்பு வந்தால் அழுத்துங்கள். நெஞ்சில் வலி வந்தால் மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். விழுங்கினால் அது கல்லீரல் வழியாகப் போய்ப் பெரும்பகுதி அழிந்துவிடும், நாக்கின் அடியிலிருந்து நேராக ரத்தத்திற்குப் போய்ச் சில நிமிடங்களில் வேலை செய்யும். அந்த நேரத்தில் ஹஜ்ரத்துக்குப் போன் போட வேண்டியதில்லை. நோன்பு முறிந்தால் ஒரு நாள் களா. அல்பகரா அத்தியாயத்தின் 185வது வசனம் நோயாளிக்கு வேறு நாட்களைக் கொடுத்திருக்கிறது. தினமும் தடுப்புக்காக எடுக்கும் இன்ஹேலர்களில் சுமார் 12 மணி நேரம் தாங்கும் வகை உண்டு. அவற்றை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பொருத்திக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டால் பாதிப் பேருக்கு மஸ்அலாவே எழாது.

குறி தவறாத மருந்து

2021 மே மாதம் யாருக்கும் மறந்திருக்காது. கொரோனா இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை வந்தது. தமிழ்நாடு அரசு அந்த மாதமே அதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. கட்டுப்படாத சர்க்கரையும் அதிகமாகக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில்தான் அது பெரும்பாலும் பிடித்தது. ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் இரவு பகலாக ஒரே பெயர் ஓடியது: லிப்போசோமல் ஆம்போடெரிசின். ஊசி கிடைக்கவில்லை. அந்த முதல் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, தேடுவதற்கே நேரம் போதவில்லை.

ஆம்போடெரிசின் பழைய மருந்து. பூஞ்சையின் மேலுறையைத் துளைத்துக் கொல்லும். ஆனால் நம் உடல் செல்களையும் ஓரளவு தாக்கும், முக்கியமாகச் சிறுநீரகத்தை. அதனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1 மில்லிகிராமைத் தாண்டிக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள். அதே மருந்தை மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்தால், சிறுநீரகத்திற்குச் சேதம் வெகுவாகக் குறைகிறது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரையும் அதற்கு மேலும்கூடக் கொடுக்க முடிகிறது. அந்தக் குமிழிதான் லிப்போசோம். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வகத்தில் அலெக் பாங்கம் என்பவர், கொழுப்புப் பொருள் தண்ணீரில் தானாகவே குமிழியாக மூடிக்கொள்வதைக் கண்டார். 1995இல் இதே முறையில் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2012இல் அந்த மருந்துக்கு அமெரிக்காவிலேயே தட்டுப்பாடு வந்தபோது, நம் நாட்டின் சன் பார்மா தயாரிப்பைத் தற்காலிகமாக இறக்குமதி செய்துகொள்ள அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பீகார் கதை. காலா அசார் என்ற கொடிய காய்ச்சல் அங்கே ஏழைகளைத் தாக்கும். அதன் கிருமி, கிருமிகளை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. காவல்காரன் வீட்டிலேயே திருடன்! ரத்தத்தில் கொழுப்புக் குமிழி வந்தால் அதை விழுங்குவதும் அதே வெள்ளணுக்கள்தான். ஆகவே குமிழிக்குள் மருந்தை வைத்தால், அவை தாமாகவே அதை உள்ளே எடுத்துத் திருடன் இருக்கும் அறைக்குக் கொண்டுபோய்விடுகின்றன. முசாஃபர்பூரில் டாக்டர் ஷ்யாம் சுந்தர் குழுவினர் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. பழைய முறையில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்து 15 முறை ஏற்ற வேண்டிய மருந்துக்குப் பதிலாக, குமிழி மருந்து ஒரே ஒரு முறை. குணமானவர்கள் இரண்டிலும் நூற்றுக்கு 95க்கு மேல். ஒரு மாதக் கூலி போகும் தினக்கூலிக்காரனுக்கு இந்தக் கணக்கு என்னவென்று நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் ஒன்றில், ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்றும், மருந்து நோயைச் சரியாகச் சென்றடையும்போது அல்லாஹ்வின் அனுமதியால் குணம் கிடைக்கிறது என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வரும் அரபு வினைச்சொல் அம்பு குறியில் படுவதற்கும் பயன்படும் சொல். இதை எடுத்துக்கொண்டு, நானோ மருத்துவத்தை இஸ்லாம் அன்றே சொல்லிவிட்டது என்று பயான் செய்ய நான் வரவில்லை. அப்படிச் செய்வது ஹதீஸுக்கும் மரியாதையல்ல, அறிவியலுக்கும் மரியாதையல்ல. மருந்து கையில் இருப்பது மட்டும் போதாது, போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும் என்ற பொருள் அதில் இருக்கிறது. அவ்வளவே.

'நானோ' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நானோ கருஞ்சீரகம், நேராகப் புற்றுக்கட்டியைத் தாக்கும் என்று விளம்பரங்கள் நம் குழுக்களில் சுற்றுகின்றன, ஹதீஸ் படத்தோடு. பெரிய ஆய்வகங்களின் நிலையே என்ன தெரியுமா? நானோ துகள்கள் பற்றி வெளியான பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கணக்கிட்டபோது, செலுத்திய மருந்தில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது சராசரியாக நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.7 சதவீதம். விலங்குகளில் செய்த சோதனைகளிலேயே இந்த நிலை. கோடிக்கணக்கில் செலவழிப்பவர்களே திணறும்போது, 999 ரூபாய்க் குப்பி குறி பார்த்து அடிக்கும் என்று நம்பி யாரும் கீமோவை நிறுத்த வேண்டாம். கருஞ்சீரகத்தை உணவில் சேர்ப்பதை நான் தடுக்கவில்லை.

அந்தப் பெரியவருக்கு அன்று டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். விழுங்கச் சுலபமான சிறிய மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று, இஃப்தாருக்குப் பிறகு. ஒன்பது நோன்பு போனது. பெருநாள் கழிந்து குளிர்காலத்தில் களா செய்து முடித்துவிட்டார். இந்த வருடம் ரஜப் பிறந்ததிலிருந்து எங்கள் பள்ளியில் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரே அறிவிப்பைச் சொல்லி வருகிறேன். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, இதயம் என எந்த மருந்து போடுபவராக இருந்தாலும், ஷஃபான் முடிவதற்குள் அட்டைகளை ஒரு பையில் போட்டு உங்கள் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள் வருகிற செவிலியரிடமே அட்டையைக் காட்டிக் கேளுங்கள். மூன்று கேள்வி போதும்: நான் நோன்பு வைக்கலாமா, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், இதை உடைக்கலாமா? பதிலை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு என்னிடம் வாருங்கள். சென்ற வெள்ளிக்கிழமை முதல் பையைக் கொண்டுவந்தது அந்தப் பெரியவரின் வீட்டம்மா. அவருடைய தைராய்டு மாத்திரையும் அதில் இருந்தது.